மாசியில் இரண்டு அமாவாசை

சுப்பராமனின் தந்தை கார்த்திகை மாதத்து அமாவாசையன்று காலமானார். அவர் வேறொரு திதியில் இறந்திருக்கலாகாதா என்ற எண்ணம், மாசி பிறந்தபோது மகனுக்குள் நுழைந்தது. எண்ணம் வந்ததற்காக அவன் வெட்கப்பட்டான். வெட்கப்பட்ட பின்னும் அது வெளியேறவில்லை.

இறந்தவருக்கு முதல் ஆண்டு முழுவதும், மாதந்தோறும், இறந்த திதியிலேயே மாசிகம் செய்தாக வேண்டும். மகன் இருக்கும்போது அதனை மகன்தான் செய்ய வேண்டும். சுப்பராமன் ஒரே மகன். ஆகவே ஒவ்வோர் அமாவாசையன்றும் பிற்பகலில் அவன் சோழவந்தானில், தாயார் பாகீரதியின் வீட்டுக் கூடத்தில், எள்ளும் நீரும் பிண்டமுமாக உட்கார்ந்திருக்கக் கடமைப்பட்டவன். மார்கழியில் உட்கார்ந்தான், தையில் உட்கார்ந்தான். மாசி அமாவாசையைத்தான் வானாய்வகத்தார் அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

நாகமலை புதுக்கோட்டைக்கு அருகே, பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் அவன் ஆராய்ச்சி மாணவன். வயது முப்பதைக் கடந்துவிட்டபடியால் மாணவன் என்ற சொல் அவனுக்குப் பொருந்தாமல், பிறர் சட்டையைப் போட்டுக்கொண்டாற்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் ஆராய்ந்தது குவாசர் என்னும் ஒருவகைப் பொருளின் ஒளியை. நாளிதழ்கள் அதனை விண்மீன் என்று பொறுப்பில்லாமல் எழுதிவந்தன. அது விண்மீன் அன்று. பூமியும் சூரியனும் உண்டாவதற்கு முன்பே அதிலிருந்து புறப்பட்ட ஒளி இப்போதுதான் நம்மை வந்தடைகிறது. வருகிற வழியில், பிரபஞ்சத்தின் இளமைக் காலத்தில் மிதந்துகொண்டிருந்த ஹைட்ரஜன் வாயுத் திரள்களை அது ஒன்றன்பின் ஒன்றாக ஊடுருவுகிறது. ஒவ்வொரு திரளும் தனக்குரிய ஒரு நிறத்தை மட்டும் விழுங்கிவிட்டு மற்றவற்றுக்கு வழிவிடுகிறது. எஞ்சிய ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பதித்தால், விழுங்கப்பட்ட இடங்கள் மெல்லிய கோடுகளாக நிற்கும். கோடுகளை அளந்தால் அந்தக் காலத்தில் வாயு எங்கெங்கே, எவ்வளவு திரண்டிருந்தது என்று சொல்லிவிடலாம். அந்தத் திரள்கள் இன்றைக்கு இல்லை. அவை மறைத்துவைத்த ஒளி ஒன்றே அவை இருந்தமைக்குச் சாட்சி.

இந்த வேலைக்கு நிலவு பகை. துளி நிலவொளி பட்டாலும் தகடு மங்கிவிடும். ஆகவே வானாய்வகத்தில் குவாசர் பார்ப்பவர்கள் எல்லாரும் அமாவாசைக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். வடக்கே மலைமேல் இருந்த அந்தத் தொலைநோக்கியை இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு, இப்போதுதான் அவனுக்கு ஓர் இரவு கிடைத்திருந்தது. மாசி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை இரவு. அவனது குவாசர் கோடை கழிவதற்குள் மேற்கே சரிந்து சூரியனோடு மறைந்துவிடும். பிறகு மழைக்காலம். அதற்குள் அவனுடைய உதவித்தொகையும் முடிந்துவிடும்.

துறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஜேசுராஜ் அவனைப் பிடித்தான். அடுத்த அறையில் படிகங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவன். மதுரை மிஷன் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே நண்பன்.

"என்ன மாப்ள, நைட்டு கெடச்சிருச்சு, விருந்து வைப்பேன்னு பாத்தா, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"அன்னிக்கு அப்பாவோட மாசிகம்டா."

"சரி, தேதிய மாத்தச் சொல்லு."

"யாரை? வானாய்வகத்தையா, அப்பாவையா?"

"ரெண்டு பேர்ல யாரு நல்லவரோ அவரை." ஜேசுராஜ் டீயை ஆற்றினான். "எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. வருசத்துக்கு ஒருநாள், கல்லறைத் திருநாள். மெழுகுதிரி கொளுத்தி வச்சுட்டு வந்துருவோம். வேணும்னா ஒண்ணு செய்யி. நான் மலைக்குப் போறேன்."

"நீ போய் என்ன பண்ணுவே? அந்த இடத்துல ஒரே மாதிரி நிறையப் புள்ளி இருக்கும். எது குவாசர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவும் சரிதான். எவன் வீட்டுத் தெருவிளக்கையாவது படம் பிடிச்சுட்டு வந்துருவேன். உனக்கு டாக்டர் பட்டம் குடுத்து நகராட்சில வேலைக்கு வச்சுக்கிருவாங்க."

சுப்பராமன் டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தான்.

வழிகாட்டியான பேராசிரியர் சிதம்பரேசன் இன்னும் சுருக்கமாகப் பேசினார். "இதெல்லாம் பர்சனல் மேட்டர் சுப்பராமன். நைட்டை விட்டுட்டா அடுத்த வருஷம் வெளிநாட்டுல பெரிய டெலஸ்கோப் வச்சிருக்கறவன் அதே குவாசரை அரை மணி நேரத்துல எடுத்துடுவான். அப்புறம் உன் தீசிஸை எடைக்குத்தான் போடணும். சயின்ஸா சடங்கா, டிசைட் பண்ணுங்க." இவ்வாறு சொன்ன மனிதர், அவனுடைய விண்ணப்பத்தில் கையெழுத்திட ராகுகாலம் கழியட்டும் என்று அதே நாற்காலியில் பேனாவை மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தவர். பிறருடைய சடங்கு மட்டுமே சடங்காகத் தெரியும் கண்கள் சிலருக்கு வாய்த்துவிடுகின்றன.

வழி ஒன்று இருப்பதைச் சுப்பராமன்தான் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தது பஞ்சாங்கத்தில்.

தமிழ்நாட்டில் ஒரே நிலவுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிப்பது வாக்கியப் பஞ்சாங்கம். வானில் நிலவு உள்ளபடியே கணிப்பது திருக்கணிதம். குடும்பத்துக்கு ஒன்று என்று பரம்பரையாக வருவதால், யாரும் அதனைத் தேர்ந்தெடுப்பதில்லை. அமாவாசை பௌர்ணமிகளில் இரண்டும் பெரும்பாலும் ஒட்டியே போகும். ஒரு நாழிகை, இரண்டு நாழிகை முன்பின் இருந்தாலும் யாருக்கும் இடறாது. அந்த மாசியில் இடறியது. சிராத்தத்துக்குரிய பிற்பகல் நேரத்தைச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ள, அமாவாசை நடுவில் வந்து விழுந்திருந்தது. எந்த நாளின் பிற்பகலில் திதி மிகுதியோ அந்த நாளே சிராத்த நாள். திருக்கணிதத்தின்படி அது சனி. வாக்கியத்தின்படி ஞாயிறு.

சனிக்கிழமை மாசிகத்தை முடித்துவிட்டு இரவுப் பேருந்து ஏறினால், ஞாயிறு காலையில் மலையடிவாரம். சுப்பராமன் மாவட்ட நூலகத்தில் நின்றபடி கணக்கை மூன்று முறை சரிபார்த்தான். தானும் நிலவும் சேர்ந்து ஒரு வழக்கில் வென்றுவிட்டாற்போல் இருந்தது.

மறுநாளே சோழவந்தான் போனான். வீடு வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டிய தெருவில் இருந்தது. குடும்பப் புரோகிதர் வெங்கட்ரமண சாஸ்திரிகளை அவனே அழைத்து வந்து கூடத்தில் உட்காரவைத்தான். பாகீரதி சமையலறை நிலைப்படியில், சுவரைப் பார்த்தாற்போல் உட்கார்ந்துகொண்டாள். சுப்பராமன் ஒரு தாளில் சூரியனையும் நிலவையும் வரைந்து விளக்கினான். நன்றாகவே விளக்கினான்.

சாஸ்திரிகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உன் கணக்கே சரியா இருக்கட்டும். அதுக்காக? பஞ்சாங்கத்தை மாத்தறது ஜவுளிக்கடையை மாத்தற மாதிரின்னு நெனச்சுண்டியா? நாலு தலைமுறையா உங்காத்துல வாக்கியம். உங்கப்பா க்ஷவரம் பண்ணிக்கறதுக்குக்கூட அதைப் பாத்துட்டுத்தான் நாவிதரைக் கூப்பிடுவார்" என்றார்.

"ஆகாசத்துல அமாவாசை எப்போன்னு பாக்க வேண்டாமா மாமா?"

"ஆகாசத்துக்கா திவசம் பண்றே?" சாஸ்திரிகள் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "அது கெடக்கட்டும். நீ பாக்கப்போறியே, அந்த வஸ்து எந்தப் பக்கம் இருக்கு?"

"மகம் நட்சத்திரத்துக்கு அண்டையில."

"மகம் பித்ருக்களோட நட்சத்திரம்டா. அங்கே இருக்கறவாளைப் பாக்கப் போறேன்னு இங்கே வாசல்ல வந்து நிக்கறவரை விட்டுட்டுப் போறேங்கறே. பேஷ்."

தான் ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சுப்பராமன் தாயாரிடம் திரும்பினான். மதுரையில் திருக்கணிதக்கார வாத்தியார் ஒருவர் இருக்கிறார், சனிக்கிழமை அங்கேயே முறைப்படி செய்துவிடுகிறேன், நீயும் வந்துவிடு என்றான். பாகீரதி எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் எதையோ இறக்கிவைக்கும் ஓசை கேட்டது. அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று வைத்துக்கொள்வது அன்றைக்கு அவனுக்கு வசதியாக இருந்தது. நிறமாலையில் ஒளி இல்லாத இடத்தைக் கண்டால் அங்கே ஏதோ ஒன்று நின்று மறைக்கிறது என்று உடனே சொல்லக்கூடியவன் அவன்.

சனிக்கிழமை, வடக்காவணி மூல வீதியில் ஒரு மாடியறை. அந்த வாத்தியார் ஒரே நாளில் மூன்று பேருக்கு மூன்று மூலைகளில் சிராத்தம் நடத்திக்கொண்டிருந்தார். மந்திரங்களில் நெடிலையெல்லாம் குறிலாக்கி, ஒற்றுகளை விழுங்கி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஓதினார். கீழே வீதியில் தேர்தல் கூட்டமோ திரைப்பட விளம்பரமோ, ஒலிபெருக்கி அலறிற்று. தந்தையின் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் வாத்தியார் அடுத்த மூலைக்காரருடைய தந்தையின் பெயரைச் சொல்லிவிட்டார். சுப்பராமன் திருத்தினான்.

"அதான், அதான்" என்றார் வாத்தியார். "அம்மா வரலையா?"

"உடம்பு சரியில்லை."

பொய் நாக்கில் தடுக்காமல் வந்தது. கூலிக்குச் சமைத்த சோற்றைப் பிண்டமாக உருட்டும்போது அது கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. அவன் நீர் தெளித்து, அழுத்திப் பிடித்து வைத்தான்.

மலையில் ஞாயிற்றுக்கிழமை இரவு வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. இரவெல்லாம் தொலைநோக்கியின் குளிர்ந்த கூண்டுக்குள் நின்று, அந்த மங்கிய புள்ளி ஒளி நுழையும் பிளவை விட்டு நழுவிவிடாமல் அவன் காத்தான். விடியுமுன் தகட்டைக் கழுவி, ஈரம் சொட்டச்சொட்ட விளக்கின் முன் பிடித்தான். கோடுகள் இருந்தன. ஒன்றிரண்டல்ல, மயிரிழை போல நெருங்கி நெருங்கி நின்றன. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அங்கிருந்த ஊழியர் பேயாண்டி, "என்ன சார், வந்திருக்கா?" என்றார். "வந்திருக்கு" என்றான். "அப்பச் சரி, வெளக்க அமத்திருங்க" என்றார் அவர்.

தகடு உலர்ந்ததும், துறைக்கு எடுத்துப்போய் வைத்துவிட்டு, அவன் நேரே சோழவந்தானுக்குப் போனான். வாசலில் பட்டாபிராமன் நின்றுகொண்டிருந்தான். பெரியப்பா மகன், வெற்றிலை மண்டியில் கணக்குப் பிள்ளை. சுப்பராமனைக் கண்டதும் அவனுடைய முகம் ஒரு மாதிரியாயிற்று.

"வாடா, நட்சத்திரத்தோட மல்லுக்கட்டிட்டு வந்தியா? ஜெயிச்சது யாரு?"

"நீ எங்கே இங்கே?"

"சித்தி சொல்லுவா. உள்ளே போ." அவன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். அவன் வலக்கை விரலில், கருமம் செய்பவன் போடும் தர்ப்பைப் பவித்திரத்தை அணிந்து கழற்றிய அடையாளம் எதுவும் தெரிய நியாயமில்லை. ஆயினும் சுப்பராமன் அந்த விரலைத்தான் பார்த்தான்.

பாகீரதி கூடத்தில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "கை கால் அலம்பிண்டு வா. சாதம் இருக்கு" என்றாள். வழக்கமான குரல்தான். இலை போட்டாள், பரிமாறினாள், எதிரே உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மாசிகம் ஆச்சு" என்றாள்.

"யார் பண்ணினா?"

"பட்டாபி. நான் புல் கொடுத்தேன்."

புல் கொடுப்பது என்றால் என்ன என்று சுப்பராமனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கருமம் செய்ய மகனில்லாத விதவை, பங்காளிகளில் ஒருவனிடம் தர்ப்பைப் புல்லைக் கொடுத்து, என் பொருட்டு நீ செய் என்று வேண்டிக்கொள்வாள். பிள்ளையில்லாதவள் கொடுப்பது அது.

"அம்மா, நான் சனிக்கிழமை பண்ணினேனே. முறைப்படி பண்ணினேன். அதுதாம்மா நெஜமான அமாவாசை. நான் கணக்குப் போட்டுக் காட்டினேனே."

"காட்டினே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவள் நறுக்கிய துண்டுகளை ஓரமாக ஒதுக்கினாள். "ஆனா உங்கப்பாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாதேடா. அவருக்குத் தெரிஞ்சது வாக்கியம் ஒண்ணுதான். அவர் என்னிக்கு வாசல்ல வந்து நிப்பார்? ஞாயித்துக்கிழமை வந்திருப்பார். வந்து பாத்தா, ஆத்துல அடுப்பே மூட்டலேன்னா?"

அவன் இலையில் சாதத்தைப் பிசைந்தான். அவளே கேட்டாள்:

"போன காரியம் ஆச்சா?"

"ஆச்சு."

"கோடு கெடச்சுதா?"

"நிறையக் கெடச்சுதும்மா."

"அந்த வெளிச்சம் பொறப்பட்டு எத்தனை காலம்னு சொன்னே?"

"பூமி உண்டாறதுக்கும் முன்னாடி."

"அவ்வளவு காலம் வந்துண்டே இருந்தது, இன்னும் ஒரு மாசம் இருக்காதா?"

இருக்கும் என்பதுதான் உண்மை. ஒளி அடுத்த மாதமும் வரும்; அவன் செத்த பிறகும் வந்துகொண்டிருக்கும். இருக்காதது தொலைநோக்கியில் அவன் பெயருக்கு ஓர் இரவு. இருக்காதது உதவித்தொகை. பொறுத்திருக்காதவர் சிதம்பரேசன். இவற்றையெல்லாம் அவளிடம் சொல்ல வாயெடுத்தான். ஒன்றுகூட அந்த இலையின் முன் சொல்லத்தக்கதாக அவனுக்குத் தோன்றவில்லை.

"அடுத்த மாசம் நான் வந்துடறேம்மா. இனிமே ஒரு மாசமும் தவறாது."

பாகீரதி மோர்ப் பாத்திரத்தை எடுத்தாள். "ஒருத்தன் கையில புல் கொடுத்தாச்சுன்னா வருஷம் முடியற வரைக்கும் அவன்தான் கர்த்தான்னு சாஸ்திரிகள் சொல்லிட்டார். நடுவிலே மாத்தப்படாதாம். பட்டாபிக்கும் மண்டியில லீவு சொல்லியாச்சு." மோரை ஊற்றினாள். "நீ வரணும்னா வாயேன். யார் வேண்டாங்கறா? கடைசிப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ."

சாஸ்திரத்தில் அப்படி ஒரு விதி உண்டா என்று அவன் பிறகு யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இல்லை என்றுகூடத் தெரியவந்திருக்கலாம். விதி சாஸ்திரிகளுடையதா, அம்மாவினுடையதா என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. புறப்படும்போது அவள் வாசல்வரை வந்தாள். பேருந்துக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டாள். மாசி வெயிலில் வைகையில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் பேருந்து போகும்போது அவன் அதைப் பார்த்துக்கொண்டே போனான்.

பங்குனி அமாவாசையில் இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் பிணக்கில்லை. இரண்டும் ஒரே நாளைச் சொல்லின. அன்று சுப்பராமன் துறையில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய அறையில், கோடுகளை அளக்கும் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்தான். தகடு கச்சிதமாக இருந்தது. சிதம்பரேசன் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எக்சலண்ட்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருடைய பெயரை முதலில் போட்டு ஒரு கட்டுரைக்குத் தலைப்புக்கூட எழுதிவைத்துவிட்டார்.

முற்பகலில் ஜேசுராஜ் வந்தான்.

"என்னடா, ஊருக்குப் போகல? இன்னைக்கு அமாவாசைல்ல?"

"போக வேண்டாம்."

"அம்மா ஏதும் சொன்னாங்களா?"

"சாப்பிட வரச் சொன்னா."

ஜேசுராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "நீ படிச்சுச் சொல்லு. நான் எழுதுறேன்" என்றான்.

சுப்பராமன் கண்ணை வைத்தான். குறுக்குக் கம்பியை முதல் கோட்டின்மேல் நிறுத்தி எண்ணைச் சொன்னான். திருகாணியைத் திருப்பி அடுத்த கோடு. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் எங்கோ, என்றோ இருந்து இல்லாமற்போன ஒரு திரள். ஜேசுராஜின் பேனா கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. மதியம் கேன்டீன் மணி அடித்தது, இருவரும் எழவில்லை. துணியின் ஓரத்துக் கிழிசல் வழியே வந்த வெயில் மேசையின்மேல் மெல்ல நகர்ந்து, பிற்பகலாகிவிட்டது என்று காட்டியது. சோழவந்தானில் இந்நேரம் பட்டாபி ஈர வேட்டியோடு உட்கார்ந்திருப்பான். தந்தையின் பெயரை அவன் தவறில்லாமல் சொல்லுவான். நல்ல உச்சரிப்பு அவனுக்கு.

"என்ன மாப்ள, அடுத்தது?"

சுப்பராமன் கண்ணை எடுக்கவில்லை. எந்தக் கோட்டில் நின்றோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. எல்லாக் கோடுகளும் ஒன்றுபோலவே இருந்தன.

"விட்டுப்போச்சுடா" என்றான். "முதல்லேருந்து வரணும்."

ஜேசுராஜ் எழுதியதை அடித்துவிட்டுப் புதுத் தாளை எடுத்தான்.